ஆபீஸ் கழித்த பெட்டி: மலிவு விலை கேமிங்கின் கதை

பழைய மேசைக் கணினியில் ஒன்றிரண்டு பாகங்களை மட்டும் மாற்றி, அதைப் புது விளையாட்டுகளுக்குத் தயார் செய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் 1990களின் இறுதியில் வேர்விட்டது. 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கணினிப் பொருட்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் பூஜ்யத்துக்கு வந்தது. பெட்டியைத் திறந்து கைவைக்கும் துணிச்சல் அந்த விலை இறக்கத்தோடு வந்ததுதான்.

இந்தப் பழக்கத்துக்குச் சந்தையாக அமைந்தது சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வானொலி உதிரிபாகங்களில் தொடங்கி, டேப் ரெக்கார்டர், டிவி என்று வளர்ந்து, கடைசியில் கணினிக்கு மாறிய தெரு அது. பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாஹிப் தெருவும் சேர்ந்தே பேச்சுவழக்கில் 'ரிச்சி' ஆகிவிட்டன. விளையாட்டு சிடிக்கு மட்டும் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1960களின் இறுதியில் உருவான அந்தக் கடை வரிசையில், உறை கூட இல்லாத நகல் வட்டுகள் வெளிப்படையாகவே விற்றன. மலிவு விலை கேமிங்கின் வரலாற்றில் திருட்டு நகலை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

தமிழ்நாட்டின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் போன்ற ஊர்களுக்கும் இந்தச் சந்தை ரயில் தூரத்தில் இருந்தது. சென்னை–கூடூர் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம்; அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், சூலூர்பேட்டை வரை போகும் சிலதான் இங்கே நிற்கும். அந்த ரயில் சென்னையில் சென்று சேரும் மூர் மார்க்கெட் வளாக நிலையத்தின் பெயரே பழம்பொருள் வியாபாரத்தை நினைவூட்டுவது. 1900இல் திறந்து 1985 தீவிபத்தில் அழிந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகத்துக்கும் கைமாறிய சாமான்களுக்கும் பேர்போன இடம். அங்கிருந்து கூவத்தைக் கடந்தால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

முதல் தலைமுறை மாற்றங்களில் பிராசசர்தான் நாயகன். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ உலகெங்கும் இதற்காகவே புகழ்பெற்றது. 66 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய பஸ்ஸை 100க்கு உயர்த்தினால், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450இல் ஓடியது. அதே ஆண்டு வந்த ஏஎம்டியின் கே6-2, பழைய சாக்கெட் 7 வகை போர்டுகளின் ஆயுளை நீட்டித்தது. காசு குறைவாக இருந்தவர்களின் கட்சி அன்றிலிருந்தே ஏஎம்டிதான்.

பிறகு பாரம் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுந்தது. 2003இல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி குறைந்தது 32 எம்பி வீடியோ நினைவகம் கேட்டது. இங்கேதான் மலிவாக அசெம்பிள் செய்யப்பட்ட பெட்டிகள் மாட்டிக்கொண்டன. இன்டெல் 810, 845ஜிஎல் சிப்செட் போர்டுகளில் காட்சி வசதி உள்ளேயே இருந்ததால் விலை குறைவு. ஆனால் கார்டு செருக ஏஜிபி ஸ்லாட் கிடையாது. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் மெதுவான கார்டு ஒன்றுதான் வழி. வாங்கும்போது மிச்சப்பட்ட சில நூறு ரூபாய்க்காக மூன்று ஆண்டு கழித்து போர்டையே மாற்ற நேர்ந்தது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் ஏஜிபி கார்டுகளுக்கும் எதிர்காலம் இல்லாமல் போனது. சொந்தக் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கவுன்டர்-ஸ்டிரைக் ஆடினார்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பாக்கம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கியது. ஏழை வீடுகளில் முதல் கணினி நுழைந்தது அப்படித்தான். மடிக்கணினியில் ரேமைக் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு செருக முடியாது. விளையாட்டுக்கு மேசைக் கணினிதான் என்ற நிலை மாறவில்லை.

அந்த மேசைக் கணினி எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கதையின் மையம். 2010களில் அது அலுவலகங்களிலிருந்து வந்தது. மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் ஆலை அலுவலகங்களும் சில ஆண்டுகள் ஓட்டியபின் மொத்தமாகக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட் பெட்டிகளை வியாபாரிகள் லாட்டாக எடுத்து, துடைத்து விற்றார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி என்று இருபுறமும் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஆரம்பாக்கம் பகுதிக்கு இந்தப் பெட்டிகள் அந்நியமானவை அல்ல. வேலை நேரத்தில் கணக்குப் பார்க்கும் அதே வகை இயந்திரம்தான் வீட்டில் விளையாட்டு இயந்திரம் ஆனது. அப்போதிருந்து மலிவு கேமிங் சில்லுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடவில்லை. அலுவலகங்கள் எதைக் கழிக்கின்றனவோ அதன் பின்னால்தான் ஓடியது.

அலுவலகப் பெட்டியின் பலம் பிராசசர். 2011இன் ஐ5-2400 நான்கு கோர் கொண்டது, பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பலவீனம் மின்சாரம். உள்ளிருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 240 முதல் 300 வாட்தான், கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின்இணைப்பும் இருக்காது. வேறு எஸ்எம்பிஎஸ் போடலாமென்றால் அங்கேயும் சிக்கல். வழக்கமான 24 முனை இணைப்புக்குப் பதில் டெல் சில மாடல்களில் 8 முனையும், எச்பி சிலவற்றில் 6 முனையும் வைத்தன. இடையில் ஒரு மாற்று கேபிள் தேவைப்படும். மெலிந்த கேபினெட்டாக இருந்தால் பாதி உயரமுள்ள கார்டு மட்டுமே உள்ளே போகும்.

என்விடியா 2014 பிப்ரவரியில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 750 டிஐ இந்தப் பூட்டைத் திறந்தது. அது கேட்டது 60 வாட்; பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்றே 75 வாட் தரும். தனி ஒயர் இல்லாமல், எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல், செருகினால் போதும். 2016இல் 1050 டிஐ, 2019இல் 1650 என்று அதே 75 வாட் எல்லைக்குள் வாரிசுகள் வந்தன. பழைய பெட்டிக்காரர்களுக்கு இந்த மூன்று கார்டுகளும் செய்த உபகாரத்தை விலை உயர்ந்த எந்தக் கார்டும் செய்யவில்லை.

மற்ற வேலைகள் எளிமையானவை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, ஒரு ரேமுக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. டிடிஆர்3, டிடிஆர்4 ரேம்களில் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் தவறான ரேம் ஸ்லாட்டில் உட்காராது. பழைய ரேமை எடுத்து, அதன் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவது கடைக்காரரும் வீட்டுப் பையனும் ஒன்றுபோலச் செய்யும் முதல் வைத்தியம். காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவுவது அடுத்தது. செகண்ட் ஹேண்ட் பாகத்துக்கு வாரண்டி என்பது கடையிலேயே ஓட்டிக்காட்டும் 'டெஸ்டிங்'தான்.

கிரிப்டோ நாணய மோகம் இந்தக் கணக்கை இரண்டு முறை கலைத்தது. 2017–18இலும் 2020–22இலும் கார்டுகள் அந்த நாணயங்களைத் தோண்டும் 'சுரங்கக்காரர்களிடம்' போய், பழைய கார்டுகூட எட்டாத விலைக்கு ஏறியது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும் இரவுபகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. விலை இறங்கியது, நம்பிக்கையும் கூடவே இறங்கியது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை அது ஏற்பதில்லை. ஆகவே அலுவலகங்கள் அடுத்து மொத்தமாகக் கழிப்பவை ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள். வாலரன்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11இல் டிபிஎம்மையும் கேட்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை எடுப்பவர்கள், ஆட விரும்பும் விளையாட்டு அதில் ஓடுமா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. கார்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.