கூனிக் காய்ச்சல்

2006 பிப்ரவரியில் ரெயூனியோன் தீவிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணே, வீட்டில் நாலு பேரும் படுத்துக் கிடக்கிறோம், ரொட்டி வாங்கப் போகக்கூட ஆளில்லை" என்றான். என்ன நோய் என்றேன். "மலாதி தெ லோம் கூர்பே" என்றான். கூனிப்போன மனிதனின் நோய்!

எனக்கு உடனே ஆயாவின் ஞாபகம் வந்தது. 1964-65இல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி என்று ஒரு காய்ச்சல் சுற்றியது. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. ஆனால் ஆயா மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நோயின் பெயர் சிக்குன்குனியா. 1952-53இல் தாங்கனிக்காவில் கண்டறியப்பட்டது. வளைந்து போவது என்று பொருள்படும் மகொண்டே மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தியாவில் 1963இல் கல்கத்தாவில் தோன்றி, 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிவிட்டு, அப்புறம் முப்பது வருடங்களுக்கு மேல் ஆளையே காணோம். போய்த் தொலைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2004இல் கென்யாக் கடற்கரையில் மறுபடி கிளம்பியது. அடுத்த வருடம் கொமோரோ தீவுகள், பிறகு ரெயூனியோன். அங்கே முதலில் மெதுவாகத்தான் பரவியது. குளிர்காலத்தில் அடங்கியும் போயிற்று. கோடை வந்ததும் வெடித்தது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். ஏழே முக்கால் லட்சம் பேர் வாழும் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோயாளிகள். ஆளைக் கொல்லாத நோய் என்றுதான் அதுவரை பெயர். அந்தத் தீவில் சுமார் 250 பேர் இறந்தார்கள்.

இடையில் என்ன நடந்தது? இந்த வைரஸின் மரபுச் செய்தி கிட்டத்தட்ட 11,800 எழுத்துகள் கொண்டது. அது பெருகும்போது நகல் எடுக்கிறது, ஆனால் நகலைச் சரிபார்ப்பதில்லை. நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத நகலில் கையெழுத்துப் போட மாட்டேன். வைரஸுக்கு அந்தக் கவலை கிடையாது. பிழைகளில் பெரும்பாலானவை வீண்தான். ஆனால் இங்கே ஒரே ஓர் எழுத்து மாறியதில், மேலுறைப் புரதத்தின் 226ஆவது இடத்தில் அலனின் போய் வாலின் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். ரெயூனியோனில் நம்மூர் ஏடிஸ் எஜிப்தி கொசு மிக அரிது. அங்கே இருப்பது கால்களில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசு. மாறிய வைரஸ் அந்தக் கொசுவின் குடலில் முன்னைவிட எளிதாகத் தொற்றிப் பெருகியது. 2005 டிசம்பருக்குப் பிறகு பாஸ்தர் நிறுவனத்தார் ஆராய்ந்த மாதிரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்த மாற்றம் இருந்தது.

இந்தியாவுக்கும் ஆப்பிரிக்க வம்சமே வந்தது, எங்கள் ஆயா காலத்து ஆசிய வம்சம் அல்ல. 2006இல் அரசுக் கணக்கிலேயே 13 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பரவியபோது அந்த 226ஆம் இட மாற்றம் அதில் இல்லை. 2007இல், புலிக்கொசு நிறைந்த கேரளத்தில், அதே எழுத்துப் பிழை தனியாகத் தோன்றியது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை! அதே வருடம் கேரளத்திலிருந்து போன ஒரு பயணியோடு இத்தாலியின் ரவென்னாப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போய், அங்கே சுமார் 200 பேரைப் படுக்க வைத்தது.

ஒரு தடவை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது என்கிறார்கள். ஆனால் 2006இல் தப்பியவர்கள்தான் தீவில் அதிகம், பிறகு பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2025இல் ரெயூனியோனில் மறுபடி 50,000 பேருக்கு மேல் வந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒன்றுமில்லை. பேத்திதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்றான்.