கரைக்கு அடியில் ஒரு பழைய ஆறு

2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, தடுப்புக் கரைகளுக்கு மேலாக நீர் வழிந்து நியூ ஓர்லியன்ஸ் நகருக்குள் புகுந்தது என்றே தொடக்கத்தில் பரவலாகக் கூறப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்லின. 17ஆம் வீதிக் கால்வாயிலும் லண்டன் அவெனியூ கால்வாயிலும், நீர் சுவரின் உச்சியை எட்டு முன்பே கரைகள் உடைந்திருந்தன. முதலாவதில் அடியிலிருந்த மென்களிமண் வழுக்கியது. இரண்டாவதில், புதையுண்ட புராதனக் கடற்கரையொன்றின் மணலினூடாக நீர் கசிந்து அத்திவாரத்தைக் குலைத்தது.

கரையின் பலத்தை அதன் உயரத்தால் அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவியது. மிசிசிப்பி நதியைக் கரைகளால் மட்டுமே அடக்கிவிடலாம் என அந்நாட்டுப் பொறியியலாளர்கள் நம்பினர். 1927 ஏப்ரல் 21ஆம் திகதி மவுண்ட்ஸ் லாண்டிங்கில் கரை உடைந்தது. அவ்வாண்டு வெள்ளத்தில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் வீடிழந்தனர். பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள் அவர்களுள் பெருந்தொகையினர். மறுவருடச் சட்டம் வெள்ளத்தைத் திசைதிருப்பும் வழிகளையும் ஏற்றுக்கொண்டது.

1944இல் புவியியலாளர் ஹெரால்ட் ஃபிஸ்க் வெளியிட்ட வரைபடங்கள், அந்நதி காலந்தோறும் கைவிட்டுச் சென்ற தடங்களைக் காட்டின. இன்றைய கரைகள் பல இடங்களில் அத்தடங்களைக் குறுக்கறுத்துச் செல்கின்றன. மணல் நிரம்பிய பழைய தடம், வெள்ள காலத்தில் கரைக்கு அடியில் நீருக்கு வழிவிடும்.

அத்தடங்களை நிலத்தைத் தோண்டாமலே தேடும் முறைதான் வான்வழிப் புவிபௌதிக அளவீடு. ஹெலிகொப்டரில் தொங்கும் கருவி மின்காந்த அலைகளை நிலத்துக்குள் செலுத்துகிறது. களிமண் மின்னை எளிதாகக் கடத்தும். மணலும் சரளையும் தடுக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து நிலத்தடியின் படம் உருவாகிறது. கலிபோர்னியா மாநிலம் 2007இல் தன் நகர்ப்புறக் கரைகளை இவ்வாறு ஆராய்ந்தது. 2018 முதல் மிசிசிப்பிச் சமவெளியின் மீதும் அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களம் இத்தகைய பறப்புகளை நடத்தியது. அதன் முதல் நோக்கம் நிலத்தடி நீர். எனினும் கரைகளின் அடித்தளத்தை அறியவும் அத்தரவுகள் உதவும்.

துளையிட்டு மண்ணெடுக்கும் வேலையை இம்முறை ஒழித்துவிடாது. மின்கம்பிகளும் உலோகங்களும் அளவீட்டைக் குழப்பும். சிறு பிளவுகள் தப்பிவிடும். எங்கே துளையிட வேண்டும் என்பதையே அது சொல்லும். ஆனால் நூற்றுக்கணக்கான மைல் நீளும் கரையில் அதுவே பெரிய உதவி. இரு துளைகளுக்கு இடையில் இருப்பது எவருக்கும் தெரியாது. ஆறு அந்த இடைவெளியைத்தான் தேடி வருகிறது.

நான் இதில் காணும் பாடம் எளியது. ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை. கரை கட்டும் அரசுகள் உயரத்தைக் காட்டி மக்களுக்கு உறுதியளிக்கின்றன. அதன் கீழே வாழ்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, கரை எதன்மேல் நிற்கிறது என்பதே.