‘ஆசாத்’ முதல் ‘விராசத்’ வரை: இந்தித் திரைப்படத்தில் கொங்கு வட்டாரத்தின் பங்கு

முன்னுரை

இந்தித் திரைப்பட வரலாற்றில் ‘ஆசாத்’ (1955) திலீப்குமாரின் படமாகவே பதிவாகியுள்ளது. அதன் மூலமான ‘மலைக்கள்ளன்’ (1954), தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய படமாகவும் பேசப்படுகிறது. இவ்விரு பதிவுகளிலும் விடுபட்டுப்போவது கோயம்புத்தூர். காதலும் பகையும் சண்டையும் கலந்த ஊர்ப்புறக் கதைகள் கொங்கு வட்டாரத்திலிருந்து இந்திக்குச் சென்ற இரு தருணங்களை ஒப்பிட்டு, அவ்வட்டாரத்தின் பங்கு எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோவையின் திரைத்தொழில்

சாமிக்கண்ணு வின்சென்ட் தொடங்கிய வெரைட்டி ஹால் திரையரங்கின் வழியாகத் திரைப்படம் கோவையில் வேரூன்றியது. 1930களில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. அதில் பங்குபெற்றிருந்த எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பின்னர் விலகிப் பட்சிராஜா நிறுவனத்தை உருவாக்கினார். ‘ஏழை படும் பாடு’ (1950) அந்நிறுவனத்தின் படமாகும்.

இந்திச் சந்தையை நோக்கிய முயற்சி அன்று புதியதன்று. சென்னையில் ஜெமினி நிறுவனம் ‘சந்திரலேகா’வையும் (1948), ஏவி.எம். நிறுவனம் ‘பஹார்’ படத்தையும் (1951) இந்தியில் வெளியிட்டிருந்தன. சென்னைக்கு வெளியே, ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து அம்முயற்சி மேற்கொள்ளப்பட்டதே பட்சிராஜாவின் தனித்தன்மை.

பெயரற்ற மலை

‘மலைக்கள்ளன்’ நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவியது. அவர் பிறந்த மோகனூரும் கொங்கு மண்ணைச் சேர்ந்ததே. படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளிலும் அக்கதை படமாயிற்று.

செல்வரிடம் பறித்து எளியோருக்கு உதவும் கள்வன், அவன் புனையும் இசுலாமியச் செல்வர் வேடம், கடத்தப்படும் பெண், அவளை மீட்பவன்மீது அவளுக்கு எழும் காதல், பகைவரின் சூழ்ச்சி ஆகியவை கதையின் அடிப்படைக் கூறுகள். இவற்றுள் எதுவும் குறிப்பிட்ட சாதியையோ உண்மையான ஊரையோ சார்ந்ததன்று. ஆகவே எம்மொழிக்கும் கதை எளிதில் பெயர்ந்தது. இந்தியில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தனர், சி. ராம்சந்திரா இசையமைத்தார். துயர நாயகனாக அறியப்பட்டிருந்த திலீப்குமார் இதில் நகைச்சுவை கலந்த வேடத்தை ஏற்றுப் பிலிம்பேர் விருது பெற்றார். நடிகரும் இசையமைப்பாளரும் பம்பாயிலிருந்து வந்தனர். கதை, முதலீடு, இயக்கம் ஆகியவை கோவையினுடையவை.

பெயருள்ள சாதி

நாற்பதாண்டுகளுக்குப் பின் இந்நிலை தலைகீழாயிற்று. பொள்ளாச்சிப் பகுதியில் படமாக்கப்பட்ட ‘தேவர் மகன்’ (1992), பிரியதர்ஷன் இயக்கத்தில் இந்தியில் ‘விராசத்’ (1997) ஆயிற்று. பங்காளிப் பகையும் ஊர்த்தலைமையும் சாதிப் பெருமிதமும் இக்கதையின் உயிர்நாடி. எனவே மொழியை மட்டும் மாற்றினால் போதவில்லை. தேவர் குடும்பம் தாக்கூர் குடும்பமாக மாற வேண்டியிருந்தது. மூலப்படத்திலேயே கதைக்குரிய சமூகம் தென்மாவட்டங்களைச் சார்ந்தது. காட்சிக்குரிய நிலமோ கொங்கு. இங்கு வட்டாரம் வழங்கியது முதலீட்டையோ கதையையோ அன்று, பின்புலத்தை மட்டுமே.

இதே போக்கு மேட்டுப்பாளையத்திலும் தெரிகிறது. மேட்டுப்பாளையத்தையும் உதகமண்டலத்தையும் இணைக்கும் நீலகிரி மலை இரயிலில் மணிரத்னத்தின் ‘தில் சே’ (1998) படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சி எடுக்கப்பட்டது. திரையில் அம்மலைப்பாதை வடகிழக்கு இந்தியப் பயணத்தின் பகுதியாக அமைகிறது. ‘ஆசாத்’தில் கோவையின் உழைப்பு பெயரின்றிப் போனது, இங்கு நிலமே வேறொரு நிலத்தின் பெயரில் தோன்றுகிறது.

முடிவுரை

திரைத்தொழில் சென்னையில் குவிந்ததும், ஸ்ரீராமுலு நாயுடு பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்ததும் கோவையின் தயாரிப்பு ஆற்றலைக் குறைத்தன. நிலையங்கள் மறைந்தன, தென்னந்தோப்பும் மலைப்பாதையும் எஞ்சின. திரைப்படங்களை மொழியாலும் நாயகராலும் மட்டும் வகைப்படுத்தும்வரை இம்மாற்றம் புலப்படாது. படம் எங்கு, எவர் முதலீட்டில், எவர் உழைப்பில் உருவாயிற்று என்னும் வினாவைச் சேர்க்கும்போது, ‘ஆசாத்’ இந்திப் படமாக இருக்கும் அதேவேளையில் கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றின் ஆவணமாகவும் ஆகிறது. வட்டாரத் திரை வரலாறு எழுதப்பட வேண்டியது இப்புள்ளியிலிருந்தே.