மாவட்டத்துக்குள் மாவட்டம்

அறந்தாங்கிக்கு மாவட்ட ஆட்சியர் கிடையாது. மாவட்டக் கல்வி அலுவலர் நெடுங்காலமாக உண்டு. ஊர் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். ஆனாலும் 'அறந்தாங்கி கல்வி மாவட்டம்' என்பது அந்தப் பக்கத்துத் தலைமையாசிரியர்களுக்கு நாவில் பழகிய பெயர். தேவகோட்டை, செய்யாறு, கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, பரமக்குடி, உத்தமபாளையம், குழித்துறை என்று இப்படிப் பெயர் பெற்ற ஊர்கள் பல. ஆட்சியர் அலுவலகம் இல்லாத ஊர்களைப் பள்ளிக் கல்வித் துறை மாவட்டம் என்று அழைத்து வந்திருக்கிறது. ஒரே சொல் இரண்டு பரப்புகளுக்கு ஆகிவிட்டதால், ஆட்சியரின் மாவட்டத்தைக் கல்வித் துறைக் கடிதங்கள் 'வருவாய் மாவட்டம்' என்று அடைகொடுத்து எழுத வேண்டியிருக்கிறது. மூத்தவருக்கு இளையவரால் அடைமொழி வந்து சேர்ந்திருக்கிறது.

பள்ளிக்கு ஏன் தனியாக ஒரு மாவட்டம் தேவைப்பட்டது? சொல்லின் வழியே போனால், பள்ளி எல்லைகள் யாருடைய வசதிக்காகப் போடப்பட்டவை என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லின் மூலம், இழுத்துப் பிடித்தல், கட்டாயப்படுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை. இடைக்கால ஐரோப்பாவில் அது ஒரு பிரபு தன் ஆளுகைக்கு உட்பட்டவர்களைப் பிடித்து நிறுத்தவும் பணியவைக்கவும் பெற்றிருந்த அதிகாரத்தைக் குறித்தது. பிறகு அந்த அதிகாரம் செல்லுபடியாகும் நிலத்தைக் குறித்தது. நம் ஊரில் அதன் இடத்தில் வழங்கிய 'ஜில்லா' அரபு மூலம் உடையது. அதற்கு அங்கே விலா எலும்பு, பக்கம் என்று பொருள். 'தாலுகா'வும் அரபுதான், தொடர்பு, சார்ந்திருத்தல் என்று பொருள்படும். 'பிர்கா' என்றால் பிரிவு. பாரசீகம் பேசிய அரசவைகளின் வழியாக வந்து, நிலவரிக் கணக்கில் தங்கிப்போன சொற்கள் இவை.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஜில்லா மெல்ல மெல்ல மாவட்டம் ஆயிற்று. தாலுகா வட்டமாகவும், பிர்கா குறுவட்டமாகவும் ஆயின. இந்தத் தமிழாக்கத்தில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு: குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரியும் வட்டங்கள். வட்டாரம் என்பதும் அந்தக் குடும்பம்தான். சோழர் காலத்து மண்டலமும், இலங்கைக் கல்வித் துறையின் வலயமும் வடமொழியில் வட்டத்தையும் வளையத்தையும் குறிப்பவை. நிலத்தைப் பகுத்தபோதெல்லாம் நாம் வட்டத்தின் பெயரையே சூட்டியிருக்கிறோம். நிலப்படத்தில் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட வட்டம் இல்லை. ஆறும் மலையும் பழைய பாளையங்களின் எல்லைகளும் கடித்துக் குதறிய ஓரங்களே அவற்றுக்கு இருக்கின்றன.

பள்ளி இந்தச் சொற்களுக்குள் இரண்டு வழியாக நுழைந்தது.

ஒன்று, பணத்தின் வழி. 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் அமைத்தது. நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு மேல்வரி தண்டப்பட்டது. அதிலிருந்து சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் நடந்தன. அந்தக் காலத்தில் வரியின் எல்லையும் பள்ளியின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. 'போர்டு ஹைஸ்கூல்' என்று எழுபது வயதுக்காரர்கள் இன்றும் சொல்வது அந்த ஜில்லா போர்டைத்தான். போர்டுகள் போய், 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது ஆரம்பப் பள்ளிகள் ஒன்றியங்களிடம் போயின. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர் ஆனார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற எழுத்து அப்படியே நிற்கிறது. அரசு பள்ளியை வாங்கிக்கொண்டது, எல்லையின் பெயரை விட்டுவிட்டது.

இன்னொன்று, மேற்பார்வையின் வழி. 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மானியம் பெறும் பள்ளிகளைப் பார்வையிட ஆய்வாளர்கள் வேண்டும் என்றது. டெபுடி இன்ஸ்பெக்டர்களும் அவர்களுக்கான 'ரேஞ்சு'களும் அப்படி வந்தவை. பின்னாளில் அதைச் சரகம் என்றார்கள். வனத்துக்கும் காவலுக்கும் வழங்கும் அதே சொல். ஒரு சரகம் எவ்வளவு பெரியது என்பதை நிலவரி தீர்மானிக்கவில்லை. ஓர் அலுவலர் மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ போய், ஆண்டுக்குள் பார்த்து முடிக்கக்கூடிய பள்ளிகள் எத்தனை என்பதுதான் கணக்கு. டி.இ.ஓ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் மாவட்டக் கல்வி அலுவலரும் இந்தக் கிளையில் வந்தவர். ஆகவே கல்வி மாவட்டம் என்பது பெயரில் வரி வாங்கும் மாவட்டத்தின் வாரிசு; உள்ளடக்கத்தில் ஆய்வாளரின் சுற்றுப்பயணம். பள்ளிகள் பெருகப் பெருகச் சுற்று சிறுத்தது. வருவாய் மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே இரண்டோ மூன்றோ நான்கோ கல்வி மாவட்டங்கள் என்ற அமைப்பு இப்படித்தான் நிலைபெற்றது.

அமெரிக்காவில் இதே சொல் வேறு திசையில் போயிற்று. அங்கே பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலான மாநிலங்களில் தனி அரசு போன்றது: தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, சொத்துவரி விதிக்கும் உரிமை எல்லாம் உண்டு. நகர எல்லையோடும் கவுண்டி எல்லையோடும் அது பொருந்த வேண்டியதில்லை; ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள் குறுக்கிடும். டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரம் அப்படிப்பட்டது. அங்கே எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியின் பெற்றோர், சொத்துமதிப்புக் குறைந்த எல்லைக்குள் இருப்பதால் தங்கள் பிள்ளைகளுக்குச் செலவிடப்படும் பணம் குறைகிறது என்று வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் கல்வி மாவட்டத்துக்கு வரி விதிக்கும் கை இல்லை. பொள்ளாச்சியில் நிலம் விலை ஏறினால் பொள்ளாச்சிப் பள்ளிக்கு ஆசிரியர் கூடுவதில்லை. இது நமக்குக் கிடைத்த நன்மை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் குறுக்கிடும் எல்லைகள் நம்மிடமும் குறைவில்லை. 2018இல் தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை எல்லாமே ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவரப்பட்டன. கல்வி மாவட்டங்களின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. 2022இல் அந்தப் பதவி தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று பிரிந்தது. ஒரே தெருவில் இருக்கும் மூன்று பள்ளிகள் மூன்று அலுவலர்களுக்குக் கோப்பு அனுப்பலாம். மூவரின் பதவிப் பெயரும் மாவட்டத்தில்தான் தொடங்கும். மறுபக்கம், 2019இல் தென்காசியும் 2020இல் மயிலாடுதுறையும் வருவாய் மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டபோது, அவை அதற்கு முன்பே கல்வி மாவட்டங்கள். திருநெல்வேலிக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஆட்சியரைப் பார்க்கப் பேருந்து ஏறிய மக்கள், பள்ளிக் காரியத்துக்கு உள்ளூரிலேயே அலுவலகம் வைத்திருந்தார்கள். தூரத்தின் கஷ்டத்தைப் பள்ளித் துறை முன்னதாகவே உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

அரசு புதிய கோடு போட்ட பிறகும் பழைய கோட்டை விடாத பள்ளிகளும் உண்டு. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அப்படி. குற்றப்பரம்பரைச் சட்டத்தால் நசுக்கப்பட்ட பிறமலைக் கள்ளர் ஊர்களில் பிரிட்டிஷ் ஆட்சியின்போது தொடங்கப்பட்டவை அவை. அன்று அந்த ஊர்கள் எல்லாம் மதுரை ஜில்லாவுக்குள் இருந்தன. 1985இல் திண்டுக்கல் பிரிந்தது, தொண்ணூறுகளில் தேனி பிரிந்தது. இந்தப் பள்ளிகளின் நிர்வாகமோ மதுரையை மையமாக வைத்து மூன்று மாவட்டங்களிலும் தொடர்ந்தது. இன்றைய நிலப்படத்தில் இல்லாத பழைய மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி அந்தப் பள்ளிப் பட்டியலில் உயிரோடு இருந்தது.

தெற்கே போனால் திருச்சபையின் எல்லை. டி.டி.டி.ஏ. என்று பெயர் தாங்கிய கிறிஸ்தவப் பள்ளிகள் திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு உரியவை. அங்கே ஊர்த்தொகுதிக்குச் சேகரம் என்று பெயர். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது 2003இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் இரண்டு வருவாய் மாவட்டங்களின் பள்ளிகளுக்கு ஒரே திருமண்டலம் நிர்வாகம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதைக்கு இன்னும் பழைய அடுக்கு இருக்கிறது. அந்த மாவட்டத்தின் கல்வி வலயங்கள் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து. முதலாவதைத் தவிர மற்றவை அதிகாரி சூட்டிய பெயர்கள் அல்ல. குடாநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் நிலத்தை அழைத்த பெயர்கள். வலயத்துக்குக் கீழே கோட்டம். தொண்டை மண்டலத்தில் இருபத்துநான்கு கோட்டங்கள் என்று எண்ணினார்களே, அந்தச் சொல் கடல்தாண்டிப் பள்ளி நிர்வாகத்தில் குடியிருக்கிறது. ஆனால் மாணவரின் எதிர்காலத்தை வலயம் தீர்மானிப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 விழுக்காடு நாடளாவிய தகுதிக்கு, 55 விழுக்காடு நிர்வாக மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்கள் பிரிகின்றன. பாடம் நடப்பது ஓர் எல்லைக்குள், வெட்டுப்புள்ளி விழுவது இன்னோர் எல்லையில்.

தமிழ்நாட்டில் எல்லையின் கனத்தை மிகக் கூர்மையாக அறிந்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். 'ஒன்றியம் விட்டு ஒன்றியம்', 'மாவட்டம் விட்டு மாவட்டம்' என்பவை மாறுதல் கலந்தாய்வுக் காலத்தில் அவர்கள் வீடுகளில் தினமும் ஒலிக்கும் தொடர்கள். அவர்களுடைய பணிமூப்பு ஒன்றியத்துக்குள்தான் கணக்கிடப்பட்டு வந்தது. ஒன்றியம் மாறினால் மூப்பு போய்விடும். அதனால் கணவர் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலும் என்று பிரிந்து வாழ்ந்தவர்கள் பலர். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 ஒன்றிய மூப்பை மாநில மூப்பாக மாற்றியது. எதிர்ப்புப் போராட்டங்கள் வெடித்தன. உள்ளூரிலேயே பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு, காத்திருந்த வரிசையே கலைந்துபோயிற்று. 1958இல் வளர்ச்சிப் பணிக்காகப் போட்ட ஒரு கோடு, ஒரு தலைமுறை ஆசிரியர்களின் குடும்ப வாழ்க்கையை வகுத்திருக்கிறது.

இத்தனை எல்லைகளிலும் குழந்தையின் காலடியிலிருந்து அளந்தது எது? கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்த அருகமைப் பள்ளி என்ற கருத்தும், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளும்தான். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன அந்த விதிகள். இதற்கு அடிப்படை அலகு வருவாய்க் கிராமம் அல்ல, ஊராட்சியும் அல்ல, குடியிருப்பு. நாலு வீடு சேர்ந்த தோட்டத்து வளவையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் சொல் அது. வட்டத்தின் பெயரே இல்லாத இந்த 'அருகமை'தான் உண்மையில் வட்டம்: குழந்தையை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர். இலங்கையில் முதலாம் தரச் சேர்க்கையிலும் வீட்டை மையமாக வைத்து வட்டம் வரைந்து, அதற்குள் இன்னும் அருகில் வேறு பள்ளி இருந்தால் புள்ளியைக் குறைக்கிறார்கள்.

அருகமைக்கும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக்கு நாடு முழுதும் வழங்கும் பதினோரு இலக்கக் குறியீட்டில் முதல் இரண்டு மாநிலம் (நமக்கு 33), அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு வட்டாரம், கிராமம், பள்ளி. கணக்கு முழுக்க மேலிருந்து கீழே இறங்கும் எல்லைகளால் ஆனது. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைச்சரிவில் ஒரு குடியிருப்புக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளி அடுத்த மாவட்டத்துடையதாக இருக்கலாம். தன் மாவட்டத்துப் பள்ளி இரண்டு ஓடை தாண்டி இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளின் கணக்கெடுப்பை ஒவ்வொரு வட்டாரமும் தன் எல்லைக்குள் மட்டும் நடத்தினால், இந்தக் குடியிருப்புக்குப் பள்ளி எது என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் அரைகுறை விடைதான் கிடைக்கும். எல்லையோரக் குடியிருப்புகளையாவது இரு வட்டாரக் கல்வி அலுவலர்களும் சேர்ந்து, நடந்து பார்த்து, நடைபாதையின் தூரத்தை எழுத வேண்டும். மேடுபள்ளமான நிலத்தில் தூர வரம்பைக் குறைத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. மாவட்டக் கோட்டைத் தாண்டி ஒரு குழந்தையைச் சேர்ப்பதற்கும் அதே தாராளம் வேண்டும்.