ஆலிஸின் பச்சை நோட்டு

1928 ஏப்ரல் 3 அன்று லண்டன் சாதபீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு சிறிய நோட்டு விற்பனைக்கு வந்தது. பச்சைத் தோல் அட்டை. உள்ளே 90 பக்கங்கள். அச்செழுத்தைப் போல நிறுத்தி எழுதிய கையெழுத்து. நடுநடுவே பேனாவால் வரைந்த 37 படங்கள். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று 4,000 பவுண்டு வைத்திருந்தார்கள். ஏலம் முடிந்தபோது விலை 15,400 பவுண்டு.

விற்றவர் ஆலிஸ் ஹார்க்ரீவ்ஸ் என்ற 75 வயதுப் பெண்மணி. உலகமே அறிந்த அந்த ஆலிஸ் அவர்தான். முயல் வளைக்குள் விழுந்த சிறுமிக்குப் பெயர் கொடுத்தவர். அந்த நோட்டு அவருக்காகவே எழுதி, அவருக்கே பரிசாகக் கொடுக்கப்பட்டது. 63 ஆண்டுகளுக்கு மேல் அவரிடமே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவர் ரெஜினால்ட் இறந்துபோனார். மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப் போர் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. நியூ ஃபாரஸ்ட் பகுதியில் கஃப்னெல்ஸ் என்ற பெரிய மாளிகை. அதைப் பராமரிக்கும் செலவோடு வாரிசு வரியும் தலைக்கு மேல் நின்றது. விற்க வேண்டிய நிலை வந்துவிட்டது. விற்றதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பொருளை அறுபது வருடம் பத்திரமாக வைத்திருந்தவருக்கு, அதைக் கொண்டு தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள உரிமை இல்லையா?

அந்த நோட்டு பிறந்த கதைக்கு வருகிறேன். 1862 ஜூலை 4. ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கணித ஆசிரியர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், தன் நண்பர் ராபின்சன் டக்வொர்த்தோடு படகில் கிளம்பினார். லூயிஸ் கரோல் என்பது டாட்ஜ்சனின் புனைபெயர். கூட வந்தவர்கள் கல்லூரித் தலைவர் லிடெலின் மகள்கள் மூவர்: லொரினா, ஆலிஸ், ஈடித். ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை துடுப்புப் போட்டுக்கொண்டே அவர் ஒரு கதை கட்டினார். பத்து வயது ஆலிஸ், அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். குழந்தைகள் இப்படிக் கேட்பதும் பெரியவர்கள் சரி என்பதும் அதோடு மறந்துபோவதும் எங்கும் நடப்பதுதான். இவர் மறக்கவில்லை.

அதே வருடம் நவம்பர் 13 அன்று எழுதத் தொடங்கி, 1863 பிப்ரவரிக்குள் எழுத்து வேலையை முடித்துவிட்டார். படங்களுக்குத்தான் நாள் பிடித்தது. ஓவியம் அவருக்கு முறையாகக் கற்ற கலை அல்ல. உட்கார்ந்து, திருத்தி, மறுபடி வரைந்து 1864 செப்டம்பரில்தான் முடித்தார். இதற்கு நடுவே, 1863 ஜூன் வாக்கில், லிடெல் குடும்பத்துக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல். அவருடைய நாட்குறிப்பில் அந்தச் சமயத்துப் பக்கம் ஒன்றை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். நினைத்தபோது அந்த வீட்டுக்குப் போய்வந்த காலம் முடிந்துபோனது. ஆனாலும் நோட்டு வேலை நிற்கவில்லை. 1864 நவம்பர் 26 அன்று கிறிஸ்துமஸ் பரிசாக அதை ஆலிஸுக்கு அனுப்பினார். ஒரு கோடை நாளின் நினைவாக என்று முதல் பக்கத்தில் வண்ண வேலைப்பாட்டோடு எழுதியிருந்தார். இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிக்கும் இடம் இதுதான். பார்த்துப் பேசுவதே அரிதாகிவிட்ட ஒரு குழந்தைக்குச் சொன்ன சொல்லை, இரண்டு வருடம் கழித்தும், ஒரு எழுத்துகூடச் சிதறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நோட்டின் தலைப்பு ‘பூமிக்கடியில் ஆலிஸின் சாகசங்கள்’. நாம் படித்த ‘அற்புத உலகில் ஆலிஸ்’ நாவலில் பாதியளவுதான் இதில் இருக்கிறது. சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மறையும் செஷையர் பூனை இல்லை. தொப்பிக்காரரின் தேநீர் விருந்து இல்லை. சீமாட்டியின் மிளகுப்பொடி பறக்கும் சமையலறை இல்லை. இவையெல்லாம் அச்சுக்காகப் பிற்பாடு சேர்த்தவை. எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் வீட்டில் கதையைப் படித்துக் காட்டியபோது, அவர் மகன் கிரெவில் இதற்கு அறுபதாயிரம் பிரதிகள் வேண்டும் என்றானாம். புத்தகமாகப் போடும் துணிவு கரோலுக்கு வந்ததில் அந்தச் சிறுவனுக்கும் பங்குண்டு.

அச்சில் வந்த முதல் பதிப்பின் கதையையும் சொல்லியாக வேண்டும். கரோல் தன் செலவில், மாக்மில்லன் வழியாக, 1865இல் 2,000 பிரதிகள் அச்சிட்டார். படங்கள் ஜான் டென்னியல் வரைந்தவை, மொத்தம் 42. படங்கள் அச்சில் விழுந்த விதம் டென்னியலுக்குப் பிடிக்கவில்லை. கரோல் தயங்காமல் பதிப்பையே நிறுத்தினார். நண்பர்களுக்குக் கொடுத்திருந்த பிரதிகளையும் திருப்பிக் கேட்டார். வந்து சேர்ந்தவற்றைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டார். கட்டாமல் கிடந்த தாள்கள் அமெரிக்காவில் ஆப்பிள்டன் நிறுவனத்துக்குப் போய், புதுத் தலைப்புப் பக்கத்தோடு விற்பனைக்கு வந்தன. ஆகவே 1865ஆம் வருடப் பிரதி என்று இன்று உலகில் இருப்பவை இருபது சொச்சம்தான். 1998இல் நியூயார்க்கில் ஒன்று பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் போனது. ஓவியர் குறை கண்டு ஒதுக்கச் சொன்ன அச்சுதான் சேகரிப்பவர்களின் கனவுப் புத்தகமாக இருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த குழந்தைகள் கிழியும்வரை படித்திருக்கக்கூடிய மற்ற பிரதிகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஒரு புத்தகத்துக்கு அதைவிட நல்ல முடிவு கிடையாது.

நோட்டு இதற்குள் ஆலிஸோடு வளர்ந்தது. 1880இல் அவருக்குக் கல்யாணம் ஆனது. நோட்டும் புகுந்த வீட்டுக்குப் போனது. 1885 மார்ச் 1 அன்று கரோல் ஒரு கடிதம் எழுதினார். இத்தனை வருட மௌனத்துக்குப் பிறகு இந்தக் கடிதம் செத்தவன் குரல்போல ஒலிக்குமே என்ற தயக்கத்தோடு ஆரம்பித்து, நோட்டை அப்படியே படியெடுத்து வெளியிட அனுமதி கேட்டார். தன் கையால் எழுதியதைத் திரும்பக் கேட்பதற்கு அத்தனை பணிவு. கொடுத்தபின் அது தன்னுடையது அல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆலிஸ் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து, 1886 டிசம்பரில் மாக்மில்லன் நகல் பதிப்பை வெளியிட்டது. லாபம் நோயுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். மூலம் பழுதில்லாமல் ஆலிஸிடம் திரும்பிவந்தது.

இனி அந்த 15,400 பவுண்டைக் கொடுத்தவர் பக்கம் போகலாம். ஏ. எஸ். டபிள்யூ. ரோசன்பாக், பிலடெல்பியாவின் பழம்புத்தக வியாபாரி. அக்கால அமெரிக்கக் கோடீசுவரர்களின் நூலகங்களை நிரப்பியவர்களில் முதன்மையானவர். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யூலிஸிஸ்’ கைப்பிரதியை வாங்கித் தன்னோடு வைத்துக்கொண்டவரும் இவரே. வியாபாரி என்று சொல்லி நகர்ந்துவிட முடியாத மனிதர். ஆலிஸ் நோட்டு இங்கிலாந்தை விட்டுப் போகிறதே என்று அங்கே வருத்தம் எழுந்தபோது, வாங்கிய விலைக்கே பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். மியூசியத்தால் அந்தத் தொகையைத் திரட்ட முடியவில்லை. நோட்டு கப்பல் ஏறியது.

ரோசன்பாக்கிடமிருந்து அதை வாங்கியவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனியை நிறுவியவர். கிராமபோன் குழலுக்கு முன்னால் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயை நம் வீட்டுப் பழைய எச்.எம்.வி. தட்டுகளில் பார்த்திருப்பீர்கள், அமெரிக்காவில் அந்த நாயை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவை இவருடைய தட்டுகள்தான். கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளை விற்றுப் பணத்தோடு ஓய்ந்திருந்த நேரம். நோட்டுக்கும் 1865ஆம் வருடப் பிரதிகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,50,000 டாலர் கொடுத்தார். அதைப் பிரிந்திருக்க அவருக்கு மனமில்லை. நீர் புகாத எஃகுப் பெட்டி ஒன்று செய்து, ‘கரோலின்’ என்ற தன் உல்லாசக் கப்பலில் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். ஆற்றுப் படகில் பிறந்த கதை, அட்லாண்டிக் கடலில் பெட்டிக்குள் பயணம் செய்தது.

பூட்டி வைத்தவர் என்றாலும், கேட்டபோது கொடுத்தவர் ஜான்சன். 1932 கரோலின் நூற்றாண்டு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் விழா எடுத்து, 80 வயதைத் தொடவிருந்த ஆலிஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மகனையும் தங்கையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவர் கப்பலில் வந்திறங்கினார். அங்கு நடந்த கண்காட்சிக்கு ஜான்சன் நோட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். இருவருக்கும் அதன்மேல் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்: ஒருவருக்குச் சட்டப்படி, இன்னொருவருக்கு அது எழுதப்பட்ட காரணத்தால். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934 நவம்பரில் ஆலிஸ் காலமானார்.

பிடித்த எழுத்தாளரின் பொருள்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்? கதை வேண்டுமானால் எட்டணாப் பதிப்பிலும் அதே கதைதான். இந்த நோட்டிலோ பூனைகூட இல்லை. என் பதில் இது. அச்சான புத்தகம் எல்லோருக்கும் எழுதியது. கோடிப் பேருக்குப் போவதற்கு முன்னால், ஒருவர் இன்னொருவருக்காக மட்டும் உட்கார்ந்து எழுதிய கட்டம் ஒன்று உண்டு. அதைக் கண்ணால் பார்க்கவும் விரலால் தொடவும் கிடைக்கும் வாய்ப்புக்காகத்தான் மனிதர்கள் சொத்தை விற்கிறார்கள். அதைக் கிறுக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜான்சன் 1945 நவம்பரில் இறந்தார். 1946 ஏப்ரல் 3 அன்று, அதாவது சாதபீஸ் ஏலம் நடந்து சரியாகப் பதினெட்டு வருடம் கழித்து, நியூயார்க் பார்க்-பெர்னெட் ஏல நிறுவனத்தில் நோட்டு மறுபடி மேஜைக்கு வந்தது. இந்த முறை அதற்காக வேறொருவர் ஓடியாடினார்: அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் லூதர் எவன்ஸ். அவர் அதைத் தன் நூலகத்துக்கு வாங்கிவைத்துக்கொள்ள நினைக்கவில்லை. இது இங்கிலாந்துக்குப் போகவேண்டிய பொருள் என்று சொல்லி, புத்தகப் பிரியர்களான பணக்காரர்களிடம் நிதி திரட்டினார். அவர்களுக்காக ஏலம் கேட்டவர் ரோசன்பாக்! 50,000 டாலருக்கு நோட்டு மறுபடி அவர் கையில் வந்தது. முன்பு ஜான்சன் கொடுத்ததோடு பார்த்தால் மிகக் குறைவான விலை.

1948இல் எவன்ஸ் தானே அதைக் கொண்டு குயீன் மேரி கப்பலில் ஏறினார். பயணம் முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார் என்று சொல்வார்கள். அந்த நவம்பர் 13 அன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கான்டர்பரி பேராயர் அதைப் பெற்றுக்கொண்டார். அமெரிக்கா போரில் இறங்குமுன்பே ஹிட்லரைத் தனியாக எதிர்த்து நின்ற மக்களுக்கு நன்றியாக என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சேகரிப்பவர்கள் என்றாலே பூதம் காத்த புதையல்போல் வைத்திருப்பவர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த நாளைச் சொல்ல வேண்டும். கையில் பணமும் ஆசையும் இருந்தவர்கள் பலர் சேர்ந்து, தங்களில் ஒருவருக்கும் சொந்தமாகாத விதத்தில் ஒன்றை வாங்கினார்கள்.

பிரிட்டிஷ் லைப்ரரி தனி நிறுவனமானபோது நோட்டும் அங்கே போனது. இன்று அதன் எல்லாப் பக்கங்களையும் கணினியிலேயே பார்க்கலாம். ஆனால் அதன் கடைசிப் பக்கம் 1977 வரை ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தது. கதை முடியும் இடத்தில், ஏழு வயது ஆலிஸின் நீள்வட்டப் புகைப்படம் ஒன்றைக் கரோல் ஒட்டியிருந்தார். அவரே எடுத்த படம். சாதபீஸ்காரர்கள் பார்த்தார்கள், ரோசன்பாக் பார்த்தார், ஜான்சன் வருடக்கணக்கில் பார்த்தார். அதற்கு அடியில் இன்னொன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. கரோல் ஆராய்ச்சியாளர் மார்டன் கோஹன்தான் அதைக் கண்டுபிடித்தார்: கரோல் தன் கையால் வரைந்த ஆலிஸின் முகம். கதைக்கு அவர் போட்ட படங்களில் உள்ள ஆலிஸ் நீளக் கூந்தலோடு வேறு யாரோ போல இருப்பாள். இது நெற்றியில் முடி வெட்டிவிட்ட அந்த வீட்டுப் பெண்ணேதான்.

சரியாக வரவில்லை என்று நினைத்துத்தான் அவர் அதன்மேல் புகைப்படத்தை ஒட்டியிருக்க வேண்டும். மறைக்க நினைத்ததை நாம் பார்க்கலாமா என்ற கேள்வி எனக்கு உண்டு. பார்க்கக் கூடாது என்றுகூட ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். லைப்ரரி ஒரு வழி கண்டது. புகைப்படத்தைப் பிய்த்து எறியவில்லை, வேறு தாளுக்கு மாற்றவுமில்லை. அது இருந்த இடத்திலேயே, தூக்கிப் பார்க்கும்படி மடிப்பாகப் பொருத்திவைத்தார்கள். விட்டுவிட்டால் கரோல் வைத்தபடியே இருக்கிறது; தூக்கினால் அவர் வரைந்தது தெரிகிறது. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.