அம்மன் காசும் பிறந்தநாள் பொட்டலமும்



குழந்தைகளின் பிறந்தநாள் விழாவுக்கு வருகிற சிறுவர் சிறுமியர்க்கு என்ன கொடுத்தனுப்புவது என்பதைப் பற்றி வரலாற்றாசிரியன் ஒருவன் பேச வேண்டுமா என்று நீங்கள் நகைக்கக்கூடும். முடிசூட்டு விழாக்களையும் படையெடுப்புக்களையும் பற்றியல்லவா அவன் பேச வேண்டும்? நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரு திங்கட்கிழமைக் காலையில் என் எண்ணம் மாறிற்று.

அப்பொழுது நான் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமிக்குச் சனிக்கிழமையன்று பிறந்தநாள். வசதி படைத்த வீடு. வகுப்பில் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். சென்றவர் பதினொருவர். ஆளுக்கொரு பரிசுப் பொருளோடு சென்றார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு வண்ண டப்பாவோடு வந்தார்கள். உள்ளே பென்சில், அழிப்பான், சிறு பொம்மை ஒன்று. திங்கட்கிழமை அந்தப் பதினொரு டப்பாக்களும் மேசைமீது வரிசையாக வீற்றிருந்தன. பின் வரிசையிலிருந்த ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "சார், பரிசு கொண்டுபோகாவிட்டால் டப்பா கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்டான். "போனவர்களுக்குத்தானே கொடுப்பார்கள்? நீ போகவில்லையே!" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் போனான் என்பதையும், வெறுங்கையோடு உள்ளே செல்ல நாணி வாசற்கதவு வரை சென்று திரும்பிவிட்டான் என்பதையும் மற்றொரு சிறுவன் வாயிலாகப் பின்னர் அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கிருந்து வந்தது என்று பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இன்று எல்லோரும் இதனை 'ரிட்டர்ன் கிப்ட்' என்கிறார்கள். அதாவது, நீ கொடுத்தாய், நான் திருப்பிக் கொடுக்கிறேன் என்பது பொருள். நம் நாட்டு வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பெயரே பொருந்தாது என்பது விளங்கும். பிறந்தநாள் கொண்டாடுபவன் பெறுபவன் அல்லன், கொடுப்பவன். தொல்காப்பியம் அரசனுடைய பிறந்தநாளைப் 'பெருமங்கலம்' என்று குறிக்கிறது. பிற்காலத்து இலக்கண நூலாரும் உரைகாரரும் 'நாண்மங்கலம்' என்றும் 'வெள்ளணி' என்றும் அதனை வழங்குவர். அந்த நாளில் அரசன் வெண்ணிற ஆடை அணிவான், சினத்தை விலக்குவான், சிறையிலிருந்தோரை விடுவிப்பான், போரையும் கொலையையும் நிறுத்துவான், இறையைத் தவிர்ப்பான், வேண்டினார்க்கு வேண்டியதை வழங்குவான். வந்தவர் என்ன கொண்டு வந்தார் என்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. பரிசில் பெறச் சென்ற பாணன் கையில் யாழ் இருந்தது, வேறொன்றும் இல்லை.

சோழர் காலத்திலும் இதன் சாயலைக் காணலாம். முதலாம் இராசராசன் பிறந்த விண்மீன் சதயம். அந்த நாளில் விழா எடுத்த செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அவன் மகன் இராசேந்திரனுக்கு ஆதிரை. விழாவென்றால் விளக்கும் அமுதும் உண்டு. அரசன் பிறந்த நாளின் பயன் அரசனைக் கடந்து ஊராரிடம் சென்றது.

இனி, எங்கள் பகுதிக்கு வருகிறேன். வல்லத்திராக்கோட்டைக்கு அருகில் இருப்பது திருவரங்குளம். புதுக்கோட்டையை விசய ரகுநாதராயத் தொண்டைமான் ஆண்ட காலம் 1730 முதல் 1769 வரை. அக்காலத்தில் திருவரங்குளத்துக் காட்டில் சதாசிவப் பிரமேந்திரர் என்ற மௌனத் துறவியை மன்னர் கண்டார் என்றும், துறவி வாய் திறவாமல் மணலிலே மந்திரத்தை எழுதிக் காட்டினார் என்றும், அந்த மணலை மன்னர் அரண்மனைக்கு எடுத்துச் சென்று வழிபட்டார் என்றும், நவராத்திரி விழாவை மன்னர் சிறப்பாக எடுத்தது அவர் அருளால்தான் என்றும் வழிவழியாகக் கூறுவர். மணலில் எழுதிய கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நவராத்திரியில் புதுக்கோட்டை அரண்மனை வழங்கிய காசோ, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று.

அதற்கு 'அம்மன் காசு' என்று பெயர். புளியங்கொட்டையினும் பெரிதென்று சொல்ல முடியாத சிறு செப்புக் காசு. ஒருபுறம் திருக்கோகர்ணத்து அன்னை பிரகதாம்பாள் அமர்ந்த கோலத்தில் இருப்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விசய' என்ற சொல் இருக்கும். இருபது காசு சேர்ந்தால்தான் ஓர் அணா. நவராத்திரி நாட்களில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்து வழங்கினார்கள். பிறகு அது கடைத்தெருவிலும் செலாவணியாயிற்று. பிரகதாம்பாளுக்கே 'அரைக்காசு அம்மன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் ஏதேனும் காணாமற் போனால் அவளுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1948 மார்ச்சு மாதத்தில் புதுக்கோட்டை தனி அரசாக இருந்த நிலை முடிந்து, இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமாயிற்று. காசு வழங்கிய அரசு போய்விட்டது. காசு மட்டும் பழைய பெட்டிகளுள் கிடக்கிறது.

என் பாட்டியின் சுருக்குப் பையில் அத்தகைய காசு ஒன்று இருந்தது. சிறுமியாக இருந்தபோது தசராவுக்குப் புதுக்கோட்டைக்குப் போய்வந்த யாரோ ஒருவர் கொடுத்ததாம். வாங்கக்கூடிய பொருள் எதுவும் இல்லாத காலத்திலும் அவர் அதைத் தூக்கி எறியவில்லை. வெற்றிலை போடும்போதெல்லாம் அதனை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே இடுவார். அதன் விலை என்ன? அணாவில் இருபதில் ஒரு பங்கு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனத்தில் நின்ற அன்பளிப்பு அது. இன்றைய பிறந்தநாள் டப்பாக்களுள் எத்தனை அறுபது நாட்கள் தாங்குகின்றன?

அரண்மனை செய்ததை எளிய வீடுகளும் தத்தம் அளவில் செய்து வந்தன. நவராத்திரிக் கொலுவுக்கு வந்த பெண் குழந்தைக்குச் சுண்டலும், வெற்றிலை பாக்கோடு மஞ்சளும், முடிந்தால் ஒரு சீப்போ கண்ணாடி வளையலோ கொடுப்பார்கள். வந்தவள் பாடினாளா, பாடவில்லையா, என்ன கொண்டு வந்தாள் என்று பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்த பெண் வெறுங்கையோடு படியிறங்கலாகாது என்பதே வழக்கம். ஆயினும் பழமை முழுவதும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. படியேறவே முடியாதிருந்தவர்களும் அதே ஊரில் வாழ்ந்தார்கள். சாதி பார்த்து, திண்ணையோடு நிறுத்திக் கொடுத்த சுண்டலும் உண்டு. வரலாறு படிப்போர் இதனை மறைத்துப் பேசலாகாது.

இதற்கு நேர் எதிரான மற்றொரு வழக்கமும் எங்கள் பகுதியில் தழைத்திருக்கிறது. ஆடி மாதம் பிறந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அப்பால் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வரையில் 'மொய் விருந்து' நடைபெறும். சுவரொட்டி உண்டு, பந்தல் உண்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு உண்டு. உண்டவர் மொய் எழுதும் மேசைக்குச் சென்று பணத்தைக் கட்டுவார். பெயர், ஊர், தொகை யாவும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். விருந்து வைத்தவர், பின்னர் அவரவர் வைக்கும் விருந்தில் அந்தத் தொகையோடு மேலும் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யத் தவறினால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இதனை நான் இழித்துரைக்கவில்லை. கிணறு வெட்டவும், வீடு கட்டவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும் வட்டிக்காரரிடம் செல்லாமல் உழவர் தமக்குள்ளே கண்டுபிடித்த கூட்டுறவு அது. 2018 நவம்பரில் கசா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்த பிறகு, திருப்பிச் செய்ய இயலாமல் பல குடும்பங்கள் தத்தளித்தன என்பதும் அதே கதையின் மறுபக்கம்.

பெரியவர்களுக்குக் கணக்கு இருக்கலாம். எட்டு வயதுக் குழந்தையின் பிறந்தநாளில் மொய் நோட்டு எதற்கு? அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்று திரும்பிய சிறுவனுக்கு யாரும் நோட்டுப் புத்தகத்தைக் காட்டவில்லை. இருந்தும் அதில் தன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்பதை அவன் தானாகவே படித்துவிட்டான். பிறந்தநாள் பெருமங்கலமாக இருந்த நாட்டில் அது மொய் விருந்தாக மாறிவிட்டது என்பதே நான் கண்ட செய்தி.

மேல்நாட்டாரையும் பார்ப்போம். மெழுகுவர்த்தி ஏற்றிய பிறந்தநாள் அப்பம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செருமானிய நாட்டில் இருந்தது. 1840களில் இலண்டன் நகரத்து மிட்டாய் வணிகர் தாம் சுமித்து என்பவர், இருவர் இருபுறம் பிடித்து இழுத்தால் 'பட்'டென்று வெடிக்கும் காகிதக் குழலை உருவாக்கினார். அதனுள்ளே சிறு பரிசுப் பொருள்கள் இடம்பெற்றன. மெக்சிக்கோ நாட்டில் 'பின்யாத்தா' என்றொரு வழக்கம். மிட்டாய் நிரம்பிய பாண்டத்தைத் தொங்கவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். நம் உறியடிக்கு உறவு என்று சொல்லலாம். பானை உடைந்ததும் வலிய பிள்ளை நான்கு பிடி அள்ளிக்கொள்ளும். மெலிந்த பிள்ளை உமியைப் பார்த்து நிற்கும். ஆட்டம் நல்லதே. ஆனால் பங்கிட ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்படியானால் என்ன கொடுக்கலாம் என்று தாய்மார் என்னைக் கேட்டதுண்டு. அம்மன் காசையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சிறிது, எல்லோர்க்கும் ஒன்றே, கொடுப்பவர் ஊரின் முத்திரை உடையது, திருப்பிக் கேட்கப்படாதது. பனையோலைக் கிலுகிலுப்பை, பம்பரம், பல்லாங்குழிக்குச் சோழி, ஒரு மரக்கன்று, இவற்றுள் எதுவும் தகும். சோழியும் கோலியும் மிகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகா, விழுங்கிவிடும். அழகாயிருக்கிறதே என்று குன்றிமணியைப் பொட்டலத்தில் இட்டுவிடாதீர்கள்; அதன் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது, கடித்து மென்றால் உயிருக்கே ஏதம். கடைப் பொம்மையானால் தரமுத்திரை உண்டா என்று பாருங்கள். 2021 சனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பொட்டலத்துக்கு நெகிழிப் பை வேண்டா. தமிழக அரசு 2019 சனவரியில் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தையும் தொடங்கியது. நான் சிறுவனாயிருந்தபோது திருமண வீட்டுத் தாம்பூலம் மஞ்சள் துணிப்பையிலேதான் வரும். அதே பைதான் மறுநாள் என் புத்தகப்பை.

புத்தகம் என்றதும் நினைவுக்கு வருவது இராயவரம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த ஊர் அது. எங்கள் மாவட்டத்துச் சிற்றூர். மலிவு விலையில் நல்ல நூல்களை வெளியிட்ட சக்தி வை. கோவிந்தனும் அவ்வூரினரே. குழந்தைக்கென்று தனியே எழுதவும் அச்சிடவும் வேண்டும் என்று எண்ணியவர்கள் தோன்றிய மண்ணில், இருபது பக்கச் சிறுநூல் ஒன்றைப் பிறந்தநாள் பொட்டலத்தில் வைப்பது அரிய செயலன்று. படித்து முடித்த நூலைப் பிள்ளைகள் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். பதினொரு டப்பாக்களுள் ஒரே பென்சில் இருந்தது போல் அல்லாமல், பதினொரு நூல்களும் வெவ்வேறாக இருந்தால் வகுப்புக்கே நூலகம் ஆகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பிறந்தநாள் காணும் பிள்ளை வகுப்பில் எல்லோர்க்கும் ஒரே பொருளைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பரிசு எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. சில பெற்றோர்க்கு இது பிடிக்கவில்லை. பணம் உள்ளவர் செலவழித்தால் உமக்கென்ன என்று என்னிடமே கேட்டார்கள். விடை சொல்ல எனக்கும் அப்போது தெரியவில்லை.

தை மாதத்தில் பின்வரிசைச் சிறுவனுக்குப் பிறந்தநாள் வந்தது. அவன் தந்தை கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர். காலையில் ஒரு மஞ்சள் பை நிறைய அவித்த நிலக்கடலையோடு வந்தான். இன்னும் சூடு ஆறவில்லை. வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி வைத்தான். டப்பாக் கொடுத்த சிறுமியும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கடைசியில் என் மேசைக்கு வந்தான். தலைமையாசிரியர் என்பதற்காகக் கூடுதலாக ஒன்றும் வைக்கவில்லை. மற்றவர்க்கு வைத்த அதே ஒரு பிடிதான். பையை உதறிக் காட்டி, "சரியாப் போச்சு சார்" என்றான்.