புள்ளி வைத்த கோப்பு

எனக்கு முதன்முதலில் கிடைத்த டீபக்கர் (நிரலில் பிழை தேடும் கருவி) செட்டிங் அந்தமானுக்குக் கப்பலில் வந்தது. 2006. சென்னையில் வேலை பார்த்த கூட்டாளி ஊருக்கு வரும்போது, லினக்ஸ் சிடியோடு ஜிடிபி என்ற டீபக்கருக்குத் தான் வைத்திருந்த ‘.ஜிடிபிஇனிட்’ கோப்பையும் எழுதிக் கொண்டுவந்தான். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சும்மா பட்டியல் எடுத்தால் கண்ணில் படாது. உள்ளே பத்தொன்பது வரி. “ஹோம் டைரக்டரியில போட்டுக்கோ, ஒண்ணும் கேக்காத” என்றான். போட்டேன். கேட்கவில்லை.

அப்போது சிப்பிகாட்டில் எங்கள் வயல் வயலாக இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. சுனாமித் தண்ணீர் வடிந்துபோக மேடு வேண்டாமா? அப்பா நெல் போட்ட இடத்தில் கொக்கு நின்றது. வேலை இல்லாத பையன் நான். கொப்பரைக் கடை ஒன்றுக்கு சி மொழியில் கணக்கு நிரல் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். இணையம் சாட்டிலைட் வழியாக வரவேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஜிடிபிக்குள்ளேயே ‘ஹெல்ப்’ என்று தட்டினால் வருவதுதான் எனக்கு வாத்தியார்.

கோப்பைக் கடன் வாங்குவது அன்றைக்கு எல்லோருக்கும் வழக்கம்தான். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி. கூட்டாளி தன் சீனியரிடம் வாங்கியிருப்பான், சீனியர் வேறு யாரிடமோ. எந்த வரி யார் வீட்டுத் தேவைக்கு வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

நிரல் பிழைக்கு ‘பக்’, அதாவது பூச்சி, என்று பெயர். அதனால் இந்தத் தொழிலில் பூச்சி மருந்து வாடை ஆதியிலிருந்தே உண்டு. 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரத்தில் சிக்கிய அந்துப்பூச்சியை நோட்டில் ஒட்டிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. எம்ஐடியில் டிஎக்ஸ்-0 கணினிக்கு எழுதிய டீபக்கருக்கு ஃபிளிட் என்று பெயர் வைத்தார்கள். அது கடையில் விற்ற பூச்சி மருந்தின் பெயர். அடுத்து, 1961 வாக்கில், பிடிபி-1 கணினிக்கு எழுதியதற்கு டிடிடி! மலேரியாக்காரர்கள் வீட்டுச் சுவரில் வெள்ளைத் திட்டாக அடித்துவிட்டுப் போவார்களே, அதே பெயர். நிரலை ஓடவிட்டு, இங்கே நில், இதில் என்ன இருக்கிறது காட்டு என்று கணினி முன்னால் உட்கார்ந்தபடியே கேட்கும் பழக்கம் இவற்றோடு வளர்ந்தது. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபியை எழுதினார். தொடங்கும்போதே புள்ளிக் கோப்பைப் படித்துக்கொள்கிற டீபக்கர் அது. தினமும் தட்டுவதை ஒருமுறை எழுதிவைத்தால் போதும். எழுதிவைத்தது கைமாறவும் செய்யும்.

என் கைக்கு வந்ததில் பதினோராவது வரிதான் வில்லங்கம். ஒரு நிரல் ஃபோர்க் செய்து இரண்டாகப் பிரிந்தால், ஜிடிபி வழக்கமாகத் தாய் பிராசஸோடு இருக்கும். கூட்டாளியின் கோப்பிலோ ‘ஃபாலோ-ஃபோர்க்-மோட்’ என்பதைப் பிள்ளைக்கு மாற்றி வைத்திருந்தது. அவன் வேலைக்கு அது சரி. என் நிரல் பில் அடிக்க மட்டும் ஒரு பிள்ளையைப் பிரிக்கும். ஜிடிபி அதன் பின்னாலேயே போய், பில் அடித்து முடிந்ததும் ‘நிரல் ஒழுங்காக முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடும். தாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ‘இங்கே நில்’ என்று நான் வைத்த பிரேக்பாயிண்ட் எதிலும் நிற்காமல். இரண்டு நாள் போனது. என் நிரலை வரி வரியாகப் படித்தேன். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

அது வெறும் விருப்பப் பட்டியல் அல்ல, கட்டளைகள். அப்போதெல்லாம் அடுத்தவன் ஃபோல்டரில் ஜிடிபியைத் திறந்தால் அவன் கட்டளை உங்கள் கணினியில் ஓடிவிடும். அதனால்தான் 2012-இல், நாம் நம்பிக்கைக்குரியது என்று குறித்த இடத்துக் கோப்புகளை மட்டும் தானாகப் படிக்கும்படி ஜிடிபிக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

சாட்டிலைட்டுக்குப் பதிலாக, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி கேபிள் வழியாக இணையம் வந்து சேர்ந்தது. தீவுகளுக்கிடையே போட்டதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். இன்றைக்கு அக்கா மகன் அதே கொப்பரைக் கணக்கைப் பைத்தானில் எழுதி, சர்வரில் ஓட்டுகிறான். அவன் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் புள்ளிக் கோப்புக்குப் பதில் ‘லாஞ்ச்.ஜேசன்’. அதையும் அவன் எழுதுவதில்லை. ஏஐ ஏஜென்டிடம் சொல்கிறான், அது எழுதுகிறது.

போன மாதம் கூப்பிட்டான். “மாமா, வட்டம் சிவக்க மாட்டேங்குது.”

பிரேக்பாயிண்ட் வைத்தால் ஓரத்தில் சிவப்புப் பொட்டு இருக்கும். ஓடவிட்டதும் அது சாம்பல் நிற வெற்று வளையமாக மாறினால், டீபக்கர் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஏஜென்டிடம் முறையிட்டிருக்கிறான். அது ஒரே மூச்சில் நாலு செட்டிங்கை மாற்றியிருந்தது. நாலையும் திரும்ப எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேள் என்றேன். கேட்டதும் நன்றாகவே சொன்னது. என் கூட்டாளி அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டான். நம் கணினிக் கோப்புறை சர்வரில் எந்த இடத்துக்குச் சமம் என்று காட்டுகிற வரியில் ‘/ஆப்’ என்று போட்டிருந்தது. கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் நிரலை ஓட்டுகிறவர்கள் பலரும் போடுகிற இடம் அது. எங்கள் சர்வரில் கண்டெய்னரே கிடையாது.

பாதையைத் திருத்தியதும் பொட்டு சிவப்பாகவே இருந்தது, நிரல் வந்து நின்றது. அப்போதுதான் தேடிய பிழை தெரிந்தது: தராசிலிருந்து வரும் எடை எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே உள்ளே போயிருக்கிறது. எழுத்தாக ஒப்பிட்டால் ‘10’-ஐவிட ‘9’ பெரிது.

திருத்திய பாதை வரிக்கு மேலே கமெண்ட் போடச் சொன்னேன்: தேதி, எந்த சர்வர், யார் சொன்னது.

“யார் சொன்னதுன்னு போட, மாமா?”

கொஞ்ச நேரம் யோசித்து, ‘ஏஜென்ட் எழுதியது, பாதை மட்டும் மாமா மாற்றியது’ என்று தட்டினான். சேமிப்பதற்குள் தூறல் விழுந்தது. முற்றத்தில் காய்ந்த கொப்பரையை அள்ள இரண்டு பேரும் ஓடினோம்.